தொழிலகத்தின் முகப்பில் விஞ்ஞானச் சிற்பம்

கோயிலுக்குக் கோபுரமும், அரண்மனைக்குத் தோரண வாயிலும், நகருக்கு நாற்சந்திச் சிலையும் வேண்டுமென்று கருதிய நம் முன்னோர், மக்கள் நாள்தோறும் உழைக்கும் இடத்திற்கும் ஓர் அடையாளம் வேண்டுமென்று கருதினாரல்லர். உழுவோன் வயலும் நெய்வோன் தறியும் தாமே தமக்கு அடையாளமாய் நின்றன. இக்காலத்திலோ நிலைமை வேறு. நூற்றுவரும் ஆயிரவரும் ஒருங்கு கூடித் தொழில் புரியும் ஆலைகளும் அலுவலகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும் பெருகியுள்ளன. அவற்றின் சுவர்களெல்லாம் ஒரே மாதிரியானவை. கண்ணாடிக் கதவுகளும் ஒரே மாதிரியானவை. உள்ளே உப்பு விளைகின்றதா, மருந்து செய்யப்படுகின்றதா, கணக்கு எழுதப்படுகின்றதா என்பதைப் புறத்தே நிற்பவன் அறிய வழியில்லை. ஆதலின் நிறுவனத் தலைவர் பலர் தம் கட்டடத்தின் முகப்பில் விஞ்ஞானத்தைக் குறிக்கும் சிற்பமொன்றை நிறுவ விரும்புகின்றனர். விருப்பம் நன்றே. ஆயினும் எதனைச் செதுக்குவது, எவரைக் கொண்டு செய்விப்பது, எவரைக் கேட்டு முடிவு செய்வது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணாமலே பெரும்பொருள் செலவிடப்படுகின்றது. இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே ஈண்டு எம் நோக்கமாகும்.

எம் கருத்தை முதற்கண் கூறிவிடுகின்றோம். ஒரு தொழிலகத்தில் நிறுவப்பெறும் விஞ்ஞானச் சிற்பம், அவ்விடத்து வேலையிலேயே அடங்கியுள்ள விஞ்ஞானத்தைக் காட்டல் வேண்டும். அங்ஙனம் காட்டினால் மட்டுமே, அங்கு உழைப்பவன் அதனை நோக்கி, ‘இது சரி’ என்றோ ‘இது பிழை’ என்றோ சொல்ல இயலும். எவனும் பிழை காண இயலாத சிற்பம் விஞ்ஞானச் சிற்பமன்று; அது வெறும் அலங்காரமே.

இன்று நாம் எங்கும் காணும் உருவம் ஒன்றுண்டு. நடுவில் ஓர் உருண்டை; அதனைச் சுற்றி மூன்று நீள்வட்ட வளையங்கள்; வளையந்தோறும் ஒரு சிறு மணி. அணுவின் உருவம் இது என்பர். ரதர்போர்டு என்னும் அறிஞர் 1911-ஆம் ஆண்டில் அணுவுக்குக் கரு உண்டென்று நிறுவியதையும், நீல்ஸ் போர் 1913-ஆம் ஆண்டில் எலெக்ட்ரான்கள் குறித்த பாதைகளில் அக்கருவைச் சுற்றுவதாகக் கூறியதையும் ஒட்டி எழுந்த படம் அது. அதன் பின்னர் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளாகவே, எலெக்ட்ரானுக்கு அத்தகைய தெளிந்த பாதை இல்லையென்று பௌதிக நூல் துணிந்துவிட்டது. நூல் கைவிட்ட படத்தைச் சிற்பம் மட்டும் விடாது பற்றிக் கொண்டிருக்கின்றது. காற்றாடி விற்கும் கம்பெனியும், வட்டிக் கடன் தரும் கம்பெனியும், பள்ளிக்கூடமும் ஒரே வளையங்களை முகப்பில் நிறுத்துகின்றன. அவ்வளையங்களைத் துடைக்கும் பணியாளரை அழைத்து, ‘இதன் பொருள் யாது?’ என்று வினவினால் அவர் விழிப்பார். அவரை அங்கு நியமித்த தலைவரும் விழிப்பார் என்பதே வருந்தத் தக்கது.

சிற்பியும் விஞ்ஞானியும் தம்முள் கலந்து பேசாவிடில் என்ன நேரும் என்பதற்குப் பழைய சான்று ஒன்றுண்டு. சுவிட்சர்லாந்து தேசத்துப் பாசல் நகரில் யாக்கோபு பெர்னூலி என்னும் கணித மேதை வாழ்ந்தார். வளைவுகளுள் ஒன்றான மடக்கைச் சுருளின்பால் அவர் கொண்ட காதல் மிகப் பெரிது. அச்சுருளை எத்துணை பெருக்கினும் அதன் வடிவு மாறுவதில்லை. ஆகவே அதனைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டுமென்றும், மாறியும் மாறாதவனாகவே எழுகின்றேன் என்னும் கருத்தமைந்த இலத்தீன் வாசகம் அதனுடன் இருத்தல் வேண்டுமென்றும் விரும்பினார். அவர் 1705-ஆம் ஆண்டில் காலமானார். கல்தச்சன் வாசகத்தைச் செவ்வனே பொறித்தான். சுருளை மட்டும் பிழையாகப் பொறித்துவிட்டான். அவன் வெட்டியது ஆர்க்கிமிடீசின் சுருள். இரண்டுக்கும் வேற்றுமை யாதெனின், சுருட்டி வைத்த கோரைப்பாயின் முனையை நோக்குக: சுற்றுக்குச் சுற்று இடைவெளி ஒரே அளவாய் இருக்கும். அஃது ஆர்க்கிமிடீசின் சுருள். மடக்கைச் சுருளிலோ சுற்றுக்குச் சுற்று இடைவெளி ஒரே விகிதத்தில் விரிந்துகொண்டே செல்லும். தம் வாழ்நாளெல்லாம் நேசித்த வளைவுக்கு மாறாக, மற்றொரு வளைவின் கீழ் அம்மேதை உறங்குகின்றார். தச்சனைக் குறை கூறி என் பயன்? இவ்விரண்டையும் அவனுக்கு விளக்கிக் காட்டியவர் எவருமிலர் போலும்.

பாசல் நகரத்துத் தச்சன் அறியாத அவ்வேற்றுமையைக் கீழக்கரைச் சங்குகுளியாளன் கையாலேயே அறிவான். மன்னார் வளைகுடாவில் மூழ்கிச் சங்கெடுத்தல் இக்கரையின் மிகத் தொன்மையான தொழில்களுள் ஒன்று. இங்கெடுத்த சங்குகள் வங்காளத்துக்குச் சென்று வளையல்களாயின. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்பார் இச்சங்கினைப் பற்றியே 1914-ஆம் ஆண்டில் ஒரு தனி நூல் வெளியிட்டார். சங்கினுள் வாழும் உயிர் வளருந்தோறும் தன் ஓட்டின் வாய்ப்புறத்தே புதிது புதிதாகச் சுண்ணம் சேர்க்கின்றது. பழைய பகுதியை அழிப்பதில்லை. உடல் பெருகும் விகிதத்திலேயே ஓடும் விரிதலால், குஞ்சுச் சங்கும் முதிர்ந்த சங்கும் அளவால் வேறாயினும் வடிவால் ஏறக்குறைய ஒன்றாகவே உள்ளன. பெர்னூலியின் சுருள் இதுவே. கல்லறையில் தவறிய வடிவம் நம் கடலடியில் தவறாமல் விளைகின்றது.

இன்னுமொன்று. சங்குகளுள் மிகப்பல ஒரே பக்கமாகவே சுழல்வன. அவற்றை நம்மவர் இடம்புரி என்பர். எதிர்ப்பக்கமாகச் சுழலும் வலம்புரி கிடைத்தற்கு அரிது. விலங்கியல் நூலாரோ நாம் வலம்புரி என்பதை இடச்சுழல் என்றும், இடம்புரி என்பதை வலச்சுழல் என்றும் எழுதுவர். இதில் முரண்பாடு ஏதும் இல்லை. அவர்கள் சங்கின் கூர்முடியை மேல்நோக்கி நிறுத்திப் பார்ப்பர்; நாம் அதனைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பார்க்கின்றோம். பிடிக்கும் முறை மாறப் பெயரும் மாறுகின்றது, பொருள் மாறவில்லை. இத்தகைய நுட்பத்தைக் கல்வெட்டும் உளிக்கு முன் தெளிவுபடுத்திக் கொள்ளாவிடில் என்ன விளையும் என்பதற்கும் சான்றுண்டு. வாட்சன், கிரிக் என்னும் இருவர் 1953-ஆம் ஆண்டில் உயிரணுவின் மரபுப் பொருள் முறுக்கேணி வடிவினது என்று வெளியிட்டனர். உயிர்களின் உடலில் அம்முறுக்கு இயல்பாக ஒரே பக்கத்தது. சாதாரணத் திருகாணியின் மரையை ஒத்தது. ஆயினும் உலகெங்கும் மருந்துக் கம்பெனிகளின் முகப்பிலும் விளம்பரத்திலும் அவ்வேணி எதிர்ப்பக்கமாக முறுக்கப்பட்டு நிற்பதைப் பலமுறை காணலாம். வலம்புரிக்கும் இடம்புரிக்கும் விலையில் உள்ள ஏற்றத்தாழ்வை அறிந்த ஒரு சங்கு வியாபாரி அங்கே இருந்திருப்பின், அத்தவற்றை முதல் நாளே கண்டுபிடித்திருப்பார். கற்றவர் காணாததைத் தொழிலாளி காண்பான் என்று யாம் கூறுவது முகமன் அன்று. உண்மை நிலை அதுவே.

இனி, இக்கரையிலேயே ஒரு விஞ்ஞான நிறுவனம் எழுப்பிய நினைவிடத்தை நோக்குவோம். இராமேசுவரத்தில் 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் பிறந்து, நாட்டின் குடியரசுத் தலைவராய் உயர்ந்து, 2015-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் மறைந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் அடக்கத்தலம் பேய்க்கரும்பில் உள்ளது. அவர் பணியாற்றிய பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமே அவ்விடத்தில் தேசிய நினைவகத்தை அமைத்தது; 2017-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் பிரதமர் அதனைத் திறந்து வைத்தார். அங்கே ஏவுகணையின் மாதிரியுருவும், கலாம் அவர்களின் உருவச் சிலைகளும், அவர்தம் வாழ்க்கையைக் காட்டும் படங்களும் உள்ளன. தீவுக்கு வரும் யாத்திரிகர் பெருந்திரளாக அதனையும் கண்டு செல்கின்றனர். படகோட்டியின் மகன் ஒருவன் எத்துணை உயரலாம் என்பதை ஏழைச் சிறுவர்க்கு அவ்விடம் உணர்த்துகின்றது. இது சிறிய நன்மையன்று.

ஆயினும் அங்கிருந்து யாம் இரண்டு பாடங்கள் பெறுகின்றோம். முதலாவது, எதனை உருவாக்குவது என்பது பற்றியது. ஏவுகணைக்கென ஆய்ந்த எடை குறைந்த கலப்புப் பொருளைக் கொண்டு, போலியோ நோயால் கால் தளர்ந்த குழந்தைகளுக்கான தாங்குகருவியைக் கலாம் அவர்களும் அவர்தம் குழுவினரும் மருத்துவர் துணையுடன் ஐதராபாத்தில் செய்தளித்தனர். மூன்று கிலோ அளவில் இருந்த உலோகச் சுமை சில நூறு கிராமாகக் குறைந்தது. குழந்தைகள் அதனை அணிந்து ஓடியதைக் கண்டபோது தாம் எய்திய மகிழ்ச்சியை அவர் பல மேடைகளில் எடுத்துரைத்தார். வானளாவும் ஏவுகணை தூரத்திலிருந்தே கண்ணைக் கவரும். ஒரு குழந்தையின் கால் அளவேயான தாங்குகருவி அருகே சென்று குனிந்து நோக்கினாலன்றித் தெரியாது. ஆயினும் விஞ்ஞானம் மனிதனுக்கு என் செய்யும் என்னும் வினாவுக்கு இவ்விரண்டனுள் எது நேரான விடை பகரும்? பெரியதையே செதுக்க வேண்டுமென்னும் ஆசை, அரியதை மறக்கச் செய்தல் கூடாது.

இரண்டாவது பாடம், எவரைக் கேட்டுச் செய்வது என்பது பற்றியது. கலாம் அவர்கள் வீணை வாசிக்கும் கோலத்தில் அங்கு அமைந்த சிலையின் அருகே பகவத் கீதை நூலின் உரு இடம்பெற்றிருந்தது. திறப்பு விழா நிகழ்ந்த சில நாட்களுக்குள்ளேயே அது பற்றிச் சர்ச்சை எழுந்தது. உறவினர் திருக்குர்ஆனையும் விவிலியத்தையும் உடன் வைத்தனர். அதற்கும் மறுப்பு எழுந்தது. எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற யாம் முற்படவில்லை. எல்லாச் சமயத்தாரும் தம்மவர் என்று போற்றிய ஒருவரின் நினைவிடத்திலேயே இது நிகழுமாயின், பல சமயத்தாரும் பல சாதியாரும் ஒருங்கு உழைக்கும் தொழிலகத்தில் எத்துணை முன்யோசனை வேண்டும் என்பதையே சுட்டுகின்றோம். திறப்பு விழாவுக்குப் பின் எழும் வினாக்களை, மண்ணுரு செய்யும் காலத்திலேயே எழுப்பிவிடல் அறிவுடைமை.

பிற இடங்களில் இப்பணி எங்ஙனம் நடைபெற்றது என்பதையும் சுருங்கக் காண்போம். புதுதில்லியில் ரிசர்வ் வங்கியின் வாயிலில் யட்சன், யட்சி என்னும் இரு பெருங்கற்சிலைகள் நிற்கின்றன. அரசாங்கக் கட்டடங்களில் நம் நாட்டுக் கலைஞர்க்கு இடம் தர வேண்டுமென்று ஜவாஹர்லால் நேரு விரும்பியதன் பயனாக எழுந்தவை அவை. சாந்திநிகேதனத்துச் சிற்பி ராம்கிங்கர் பைஜ் அவற்றைச் செய்தார். பண்டைச் சிலை வடிவைத் தழுவியே செய்தாராயினும், யட்சன் கையில் பற்சக்கரமொன்றை வைத்தார். அது தொழிலைக் குறிப்பது. யட்சி வேளாண்மையைக் குறிப்பவள். தகுந்த கல்லைத் தேடி அலைந்ததும் செதுக்கியதுமாக ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றன. வங்கியார் பொறுத்திருந்தனர். பொறுமையும் ஒரு முதலீடே என்பதை வங்கி ஒன்று அறிந்திருந்தமை பொருத்தமே.

புனே நகரில் சயந்த் நார்லிகர் தலைமையில் 1988-ஆம் ஆண்டில் தோன்றிய வானியல், வான்பௌதிகத்துக்கான பல்கலைக்கழக இடை மையத்தைச் சார்லஸ் கொரியா என்னும் கட்டடக் கலைஞர் வகுத்தமைத்தார். ஆங்கே ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் ஆகிய நால்வர்க்கும் சிலைகள் உள்ளன. ஆயினும் எம் உள்ளத்தை மிகவும் கவர்வது அங்கே தொங்கும் ஃபூக்கோ ஊசலே. அதன் அலைவுத் தளம் மெல்லத் திரும்புவதைக் காண்பவன், தன் காலடியில் பூமி சுழல்வதையே காண்கின்றான். அதற்கு உரையாசிரியர் வேண்டுவதில்லை. விஞ்ஞானியின் முகத்தைக் காட்டும் சிலையினும், விஞ்ஞானம் தானே தன்னைக் காட்டும் பொருள் மேலானது.

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள சேர்ன் என்னும் துகட்பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தில் 2004-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் நடராசர் திருவுருவம் ஒன்று திறந்து வைக்கப்பெற்றது. இரண்டு மீட்டர் உயரமுள்ள அவ்வுருவம் இந்திய அரசாங்கம் அளித்த அன்பளிப்பாகும். நம் தமிழகத்துச் செப்புத்திருமேனிக் கலை அங்கு நிற்பது நமக்குப் பெருமையே. துகள்கள் தோன்றி மறையும் நிகழ்ச்சிக்கு ஆடல் ஓர் அழகிய உவமையாகின்றது. ஆயின் உவமையை உவமையாகவே கொள்க, சான்றாகக் கொள்ளற்க. சோழர் காலத்துச் சிற்பி துகட்பௌதிகம் கற்றவனல்லன். அவன் கற்ற பக்தியும் கலையும் அவனுக்குப் போதுமான பெருமை தருவன. சமயத்தின் பொருளைச் சமயத்திற்கும், விஞ்ஞானத்தின் பொருளை விஞ்ஞானத்திற்கும் உரியனவாக வைத்தலே இரண்டையும் மதித்தலாகும்.

இனி நம் கரைக்கு மீள்வோம். இங்குள்ள தொழிலகங்கள் எம்மை நோக்கி, ‘எமக்கு எது பொருந்தும்?’ என்று வினவுமாயின், யாம் மூன்று பொருள்களைக் கூறுவோம்.

முதலாவது உப்பு. தமிழ்நாடு உப்புக் கழகம் 1974-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் உப்பளங்கள் நம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் உள்ளன. கடல்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலும் காற்றும் வற்றச் செய்ய, போமே அளவையில் மூன்று பாகை அளவிலிருந்த நீர் இருபத்தைந்து பாகையை எட்டும்போது உப்பு விளையத் தொடங்குகின்றது. முப்பது பாகையை நெருங்குமுன் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடல் வேண்டும். இல்லையேல் மக்னீசிய உப்புகள் கலந்து சரக்குக் கெடும். உப்பின் உள்ளமைப்பை லாரன்ஸ் பிராக் என்னும் இளைஞர் 1913-ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர்களின் துணையால் கண்டறிந்தார். அவரும் அவர் தந்தையாரும் 1915-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். சோடியமும் குளோரினும் சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் போல மாறி மாறி நிற்க, ஒவ்வொன்றையும் மற்றதன் ஆறு சூழ்ந்துள்ளன என்று அவர் கூறினார். ஆம்ஸ்திராங் என்னும் முதிய ரசாயன அறிஞர் 1927-ஆம் ஆண்டிலும் இதனை ஏற்காது வெகுண்டெழுந்தார் என்பது சுவையான செய்தி.

உப்பளத்துத் தொழிலாளிக்கோ கட்டம் கட்டமான இவ்வமைப்பு புதிதன்று. காற்றடங்கிய வேளையில் பாத்தி நீரின் மேல் மெல்லிய சதுரப் படிகங்கள் மிதப்பதை அவர் கண்டிருக்கின்றார். மிதக்கும் படிகம் தன் எடையால் சிறிதே தாழ, நீர்மட்டத்தை ஒட்டிய ஓரங்களில் மேலும் உப்புச் சேர்கின்றது. மீண்டும் தாழ, மீண்டும் சேர்கின்றது. இங்ஙனம் படியின் மேற் படியாய் வளர்ந்து, நடுவே உட்குழிந்த சதுர வடிவம் உண்டாகின்றது. மேலிருந்து நோக்கினால் அஃது ஒரு சிறு தெப்பக்குளம் போலவே தோன்றும். கருங்கல்லில் குளப்படி அமைப்பது நம் தச்சர்க்குக் கைவந்த கலை. அவ்வடிவைப் பத்தடிச் சதுரத்தில் அமைத்து உப்பளத்தின் வாயிலில் வைப்பின், உப்பு வாருபவரும் கணக்கெழுதுபவரும் பௌதிகம் கற்றவரும் ஒரே பொருளை ஒவ்வொரு வகையில் உணர்ந்து நிற்பர். வளையம் மூன்றும் உருண்டை ஒன்றும் அங்கு என் செய்யும்?

இரண்டாவது நிழல். கமுதியில் 2016-ஆம் ஆண்டில் 648 மெகாவாட் ஆற்றலுள்ள சூரிய மின்நிலையத்தைத் தனியார் நிறுவனமொன்று நிறுவியது. நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்று மேற்பட்ட இடத்தில் உள்ளது. ஆதலின் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மாத நடுவிலும் ஆகஸ்டு மாத இறுதியிலும், உச்சிவேளையில் கதிரவன் நேர் தலைக்கு மேல் வந்து நிற்கின்றான். அப்பொழுது நேராக நட்ட தூணுக்கு நிழல் வீழ்வதில்லை. இவற்றுள் முன்னது சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வருவது எத்துணை அழகிய பொருத்தம்! சூரியனால் பிழைக்கும் நிறுவனத்தின் முற்றத்தில் மாசற்ற கருங்கற்றூண் ஒன்றை நட்டு, தரையில் மாதந்தோறும் உச்சிவேளை நிழல் எட்டும் எல்லைகளைப் பொறித்துவிடின் அதுவே சிற்பமாகும். ஆண்டு முழுதும் நிழலை அளந்து வந்த தொழிலாளர், புத்தாண்டையொட்டிய அந்நாளில் தம் குழந்தைகளை அழைத்து வந்து நிழல் மறைவதைக் காட்டுவர். செலவோ சிறிது, பயனோ தலைமுறைக்கும் நீள்வது.

மூன்றாவது, முன்னர்க் கூறிய சங்கு. நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-ஆம் ஆண்டில் தோன்றிப் பல்லாண்டு மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இன்று தலைமையிடம் கொச்சியாயினும், மண்டபத்தில் வட்டார நிலையம் உள்ளது. இத்தகைய கடலாராய்ச்சி நிலையத்திற்கோ, மீன் பதனிட்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்கோ, நெடுக்காக அறுத்து உட்சுருளைத் திறந்து காட்டும் சங்கின் பேருரு மிகப் பொருந்தும். சுற்றுக்குச் சுற்று விரியும் விகிதத்தை விஞ்ஞானி அளந்து தரட்டும். சுழலும் பக்கத்தைச் சங்குகுளியாளன் சரிபார்க்கட்டும். சிற்பி இருவரையும் கேட்டு உளி எடுக்கட்டும்.

இங்ஙனம் பொருளைத் தேர்ந்த பின், பணியை ஒப்படைக்கும் முறையிலும் சில நெறிகள் வேண்டும். களிமண்ணிலோ மரத்திலோ சிறு மாதிரியொன்று செய்து, தொழிலாளர் உணவருந்தும் கூடத்தில் ஒரு மாதமேனும் அதனை வைத்தல் வேண்டும். அவர்கள் கூறும் குறைகளை எழுதிப் பெறல் வேண்டும். மாமல்லபுரத்தில் 1957-ஆம் ஆண்டு முதல் சிற்பக்கலையை முறையாகக் கற்பிக்கும் அரசினர் நிலையம் உள்ளது. சுவாமிமலையில் உலோக வார்ப்புக் கலைஞர் உள்ளனர். குமரி மாவட்டத்து மயிலாடியில் கல்தச்சர் உள்ளனர். இவர்களை விடுத்து அயல்நாட்டு விலைப்பட்டியலில் உருவம் தேடுதல் நம் கையிலுள்ள விளக்கை அணைத்துவிட்டு அயலான் வீட்டு விளக்கை நாடுவதாகும். மிகக் குறைந்த விலை கூறுபவனுக்கே வேலை என்னும் ஒப்பந்த முறை மதிற்சுவருக்குப் பொருந்தலாம், சிற்பத்திற்குப் பொருந்தாது. சிற்பிக்குத் தக்க ஊதியமும் காலமும் தருக. திறப்பாளர் பெயரைப் பெரிய எழுத்திலும் சிற்பியின் பெயரை எங்குமே இல்லாமலும் பொறிக்கும் வழக்கம் ஒழிக.

கடற்காற்றையும் மறத்தலாகாது. பாம்பன் பாலத்தின் கதையே இதற்குப் போதும். 1914-ஆம் ஆண்டில் திறந்த அப்பாலம் 1964-ஆம் ஆண்டுப் பெரும்புயலில் தூண்களின் மேலிருந்த கர்டர்களுள் 126-ஐ இழந்தும், 46 நாட்களில் ஸ்ரீதரன் என்னும் பொறியாளர் தலைமையில் மீண்டெழுந்தது. புயலுக்கு ஈடுகொடுத்த அதனை உப்புக்காற்று விடவில்லை. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் இரும்புப் பகுதி அரிப்புற்றமையால் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. இரும்புத் தகட்டில் வண்ணம் பூசி நிறுத்தும் சிற்பம் இக்காற்றில் சில மழைக்காலங்களுக்குள் துருவேறிப் பார்ப்போர் நகைக்கும் பொருளாகும். கருங்கல்லே இங்கு உற்ற துணை. பவளப்பாறைக் கல்லையோ தொடவே கூடாது. அக்கல் கடலின் உயிர். சட்டமும் அதனைக் காக்கின்றது. பவளப்பாறையை வெட்டியெடுத்த கேட்டினாலும் மன்னார் வளைகுடாவின் தீவுகளுள் இரண்டு நீரில் அமிழ்ந்தன என்பதை நினைவிற் கொள்க. இயற்கையைப் போற்றும் சிற்பத்திற்காக இயற்கையை அழித்தல் நகைப்புக்கிடமாகும்.

‘கூலி குறைவென்று தொழிலாளர் முறையிடும் இடத்தில் சிற்பம் ஒரு கேடா?’ என்று சிலர் வினவலாம். இவ்வினா நேர்மையானது, விடையும் நேர்மையாகவே இருத்தல் வேண்டும். நண்பகல் வெயிலில் உப்பு வாரும் பெண்டிர்க்கு ஒதுங்க நிழற்கூரையும், குடிக்க நன்னீரும், புண்ணாகும் கால்களுக்குக் காலணியும், கூசும் கண்களுக்குக் கண்ணாடியும் அளியாத நிறுவனம் சிற்பம் நாட்டத் தகுதியுடையதன்று. அவற்றை முதலில் அளிக்க. அளித்த பின் சிற்பம் வேண்டாவோ எனின், வேண்டும் என்போம். வயிற்றுக்கு மட்டும் உழைப்பவனாகத் தொழிலாளியைக் கருதுதல் அவனை இழிவுபடுத்துவதே. தன் கைப்பட்ட பொருளினுள் இத்துணை ஒழுங்கும் அழகும் உள்ளன என்று அறியும் உரிமை அவனுக்கும் உண்டு. அவ்வறிவை மதிலுக்குள் பட்டதாரிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாது, வாயிலில் நிறுத்துவதே சிற்பத்தின் கடமை.

‘புத்தகத்தில் உள்ளதைக் கல்லில் ஏன் எழுத வேண்டும்?’ என்பார்க்கும் ஒன்று கூறுவோம். புத்தகம் தேடி வருபவனுக்கே பயன்படும். வாயிலில் நிற்கும் கல்லோ தேடாதவனையும் நிறுத்திக் கேள்வி கேட்கும். பேருந்துக்குக் காத்திருக்கும் சிறுமி ஒருத்தி, ‘இந்தச் சதுரக் குழி ஏன் படிப்படியாக இறங்குகிறது?’ என்று தன் தாயைக் கேட்பாளாக. உப்பளத்தில் வேலை செய்யும் அத்தாய் தான் கண்டதைக் கூறி விடையளிப்பாளாக. அங்ஙனம் கேள்வியை எழுப்புதலும், விடையளிக்கும் பெருமையைத் தொழிலாளியிடமே சேர்த்தலும் ஆகிய இரண்டையும் செய்யும் சிற்பமே விஞ்ஞானச் சிற்பம்.

மாணவத் தோழர்களே! உம்முள் சிலர் நாளை நிறுவனங்களின் அதிகாரிகளாய் அமர்ந்து இத்தகைய செலவுக்குக் கையொப்பமிடுவீர்கள். சிலர் பொறியாளராகவும், சிலர் ஆராய்ச்சியாளராகவும் அங்கு பணிபுரிவீர்கள். அழகிய படமொன்று மேசை மேல் வைக்கப்பட்டு, ‘ஒப்பமிடுக’ என்று கூறப்படும் அந்நாளில், எழுதுகோலை எடுக்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இஃது இங்கு நிகழும் வேலையின் உண்மையைக் கூறுகின்றதா? இவ்வேலை செய்வோர் இதனைக் கண்டு திருத்தினரா? இதனைச் செய்யும் கைக்கு உரிய கூலியும் பெயரும் தரப்படுகின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்குமாயின் தயங்காது ஒப்பமிடுங்கள். கிடைக்காவிடில், அம்முகப்பில் ஒரு புன்னை மரத்தை நட்டுவிடுங்கள். அதன் நிழலிலேனும் உழைத்தவர் இளைப்பாறுவர்.